பட்டியலின் கடைசிப் பெயர்: நண்பனுக்கு ஒரு கடிதம்

ரொறன்ரோ

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து நீ மறுபடியும் சைக்கிளில் சந்தைக்குப் போய்வருகிறாய் என்பதையும், மூத்தவளுக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்துவிட்டது என்பதையும் வாசித்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். இங்கே நாங்கள் நலம். இளையவன் கல்லூரி முடிக்கும் தறுவாயில் இருக்கிறான். மனைவி அதே மருந்துக்கடை வேலையில்தான் தொடர்கிறாள்.

நீ இரண்டு விடயங்கள் எழுதியிருந்தாய். இத்தனை வருடம் ட்ரக் ஓட்டிய ஒருவன், இந்த வயதில், புதிய கம்பனியொன்றில் கடைசி ஆளாகப் போய்ச் சேர்வது எதற்கு என்பது முதலாவது. பிராம்ப்டனுக்கு வந்திருக்கும் உன் தம்பியின் மகன் அண்மையில் பெரிய ட்ரெய்லர் ட்ரக் ஓட்டுவதற்கான ஏ-இசெட் அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டான், அவனுக்கு ஒரு கம்பனி வேலை தருவதாகச் சொல்லி, முதலில் சொந்தப் பெயரில் ஒரு கம்பனியைப் பதிவு செய்துகொண்டு வா என்கிறது, அது நல்லதா என்பது இரண்டாவது. ஒன்றைச் சொன்னால்தான் மற்றது விளங்கும் என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் இப்போது சேர்ந்திருப்பது தொழிற்சங்கம் உள்ள சரக்குப் போக்குவரத்துக் கம்பனி. ஒரே வாடிக்கையாளரின் பொருட்களை ஒரு ட்ரெய்லர் நிறைய ஏற்றிக்கொண்டு போகும் வேலை அல்ல இது. பத்து இருபது பேரின் சிறு சிறு சுமைகளைப் பகல் முழுவதும் நகருக்குள் சேகரித்து, மாலையில் முனையத்துக்குக் கொண்டுவந்து இறக்கி, ஊர்வாரியாகப் பிரித்து, இரவில் வேறு ஊர் முனையங்களுக்கு அனுப்புவார்கள். அதனால் சாரதிகளும் இரண்டு வகை. நகருக்குள் ஓடுபவர்கள் பகலில் கடைகடையாக, தொழிற்சாலை தொழிற்சாலையாக ஏறி இறங்குவார்கள். நெடுஞ்சாலைச் சாரதிகள் இரவில் ஓடுவார்கள். ரொறன்ரோவில் இருந்து மொன்றியல் ஏறக்குறைய 540 கிலோமீற்றர். இங்கிருந்து புறப்படுபவரும் அங்கிருந்து வருபவரும் 401 நெடுஞ்சாலையில் கிங்ஸ்டன் அருகே சந்தித்து, ட்ரெய்லர்களை மாற்றிக்கொண்டு அவரவர் ஊருக்குத் திரும்புவதும் உண்டு. அப்படி ஓடுபவர் விடியும்போது தன் வீட்டிலேயே படுத்து உறங்கலாம். வாரக்கணக்கில் ட்ரக்கின் கட்டிலில் உறங்கிய எனக்கு அது எவ்வளவு பெரிய விடயம் என்பது உனக்குத் தெரியும்.

ஆனால் அந்த ஓட்டம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை, அண்மையில் கிடைக்கப்போவதும் இல்லை. சாரதிகள் ஓய்வறையின் சுவரில் சேவைமூப்புப் பட்டியல் ஒட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொருவரின் பெயரும் அவர் வேலையில் சேர்ந்த திகதியும் அதில் இருக்கும். ஓட்டங்கள் அறிவிப்புப் பலகையில் வரும்போது பட்டியலின் மேலிருப்பவர் முதலில் தெரிவு செய்வார். அவர் விட்டதை அடுத்தவர் எடுப்பார். இப்படியே இறங்கி வந்து, எவரும் விரும்பாதது கடைசிப் பெயருக்கு மிஞ்சும். விடுமுறை வாரங்களுக்கும் இதுவே முறை. வேலை குறைந்து ஆட்களை நிறுத்தினால் கடைசியில் சேர்ந்தவர் முதலில் போவார். கோண்டாவில் டிப்போவில் கொழும்பு பஸ் யாருக்கு என்று நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த காலத்தை நினைத்துக்கொள், உனக்கு இது புதிதாக இருக்காது.

என் முன்னனுபவம் வேலைக்கு எடுக்கும்போது பயன்பட்டது. பட்டியலில் அதற்கு இடமில்லை. என் மகனின் வயதுள்ள ஒருவன் எனக்கு முன்பே சேர்ந்துவிட்டான், ஆகவே ஓட்டத்தை அவன் தெரிவு செய்த பிறகே நான் தெரிவு செய்கிறேன். நிரந்தர ஓட்டம் இல்லாததால் நான் அழைப்பில் இருக்கிறேன். தொலைபேசி பிற்பகலிலும் வரலாம், நடுச்சாமத்திலும் வரலாம். வந்தால் போக வேண்டும். பெரும்பாலும் எனக்கு வருவது நகரின் மத்திய பகுதி. குறுகிய சந்துக்குள் பின்னோக்கி ஓட்டி, பின்கதவுத் தட்டை இறக்கி, பம்ப் ட்ரக் என்னும் கைவண்டியால், பலகைத் தட்டுகளில் அடுக்கிய சுமைகளை இழுத்து நடைபாதை வழியே கொண்டுசெல்ல வேண்டும். பனிக்காலத்தில் அது கடினமான உழைப்பு, நண்பா. மாலையில் முதுகு பேசும்.

சம்பளமும் உடனே முழுதாக வருவதில்லை. புதியவர் குறைந்த விகிதத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறியே முழு விகிதத்தை அடைவார். முதற்கட்டம் பரீட்சார்த்தக் காலம். அந்தக் காலத்தில் கம்பனி என்னை வேண்டாம் என்று சொல்ல விரும்பினால், நிரந்தரமானவரை நீக்கும்போது காட்ட வேண்டிய அளவுக்குக் காரணம் காட்டத் தேவையில்லை. முதல் நாளிலேயே சங்கப் பிரதிநிதி என்னை அழைத்து இதை ஒளிக்காமல் சொன்னார். நேரத்துக்கு வா, ஒவ்வொரு காலையும் வாகனத்தைச் சுற்றிப் பரிசோதித்துக் கையொப்பமிடு, மோதல் எவ்வளவு சிறியதானாலும் உடனே அறிவி, பட்டியலில் உன் பெயர் உறுதியாகும்வரை இதில் எதையும் தவறவிடாதே என்றார். நான் அப்படியே நடந்து அந்தக் காலத்தைக் கடந்துவிட்டேன்.

இவ்வளவு குறைகள் இருந்தும் ஏன் இங்கே வந்தேன் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை ஓட்டங்களைப் பிரிக்கும் டிஸ்பாச்சர் என்னை அழைத்து ஒரு நல்ல வேலை தந்தார். உண்மையில் எனக்கு மேலே இருந்த ஒருவரைத்தான் அவர் முதலில் அழைத்திருக்க வேண்டும். அவசரத்தில் ஒரு பெயரைத் தாண்டிவிட்டார். அந்த மனிதர் அடுத்த வாரம் முறைப்பாட்டுப் படிவம் நிரப்பிக் கொடுத்தார். சங்கப் பிரதிநிதியும் முகாமையாளரும் அழைப்புப் பதிவைப் பார்த்தார்கள். அவருக்கு அந்த நாளின் சம்பளம் வழங்கப்பட்டது. என்னுடைய சம்பளத்தில் யாரும் கைவைக்கவில்லை. அந்த மனிதர் என்னோடு முகம் சுளிக்கவும் இல்லை. ஓய்வறையில் எனக்குக் கோப்பி வாங்கித் தந்து, நாளைக்கு உன் பெயரை யாராவது தாண்டினால் நீயும் இதைத்தான் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முன்பு நான் வேலை செய்த இடத்தில் சுவரில் எந்தப் பட்டியலும் இல்லை. யாருக்கு எந்த ஓட்டம் என்பது டிஸ்பாச்சரின் மனதில் இருந்தது. நத்தாருக்கு அவருக்குப் போத்தல் வாங்கிக் கொடுத்தவர்களுக்கு நல்ல ஓட்டம் வந்தது. உடல்நலமில்லை என்று ஒரு நாள் மறுத்தவரின் தொலைபேசி ஒரு வாரம் ஒலிக்கவில்லை. ட்ரெய்லரின் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று நான் எழுதிக் கொடுத்தபோது, இந்தச் சுமையை மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு, வந்தபின் பார்ப்போம் என்றார்கள். நான் மறுத்தேன், அதன் பிறகு எனக்குக் கிடைத்தவை மிகவும் மோசமான ஓட்டங்கள். அதை நிரூபிக்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை, முறையிட ஓர் இடமும் இருக்கவில்லை.

இங்கே வந்த சில வாரங்களிலேயே அதே போன்ற ஒரு காலை வந்தது. பரிசோதனையின்போது காற்றுக் குழாய் ஒன்று கசிவதைக் கேட்டேன். எழுதிக் கொடுத்தேன். மெக்கானிக் வந்து பார்த்து அந்த ட்ரக்கை ஓரங்கட்டினார். வேறொன்று தயாராகும் வரை நான் ஓய்வறையில் இருந்த நேரத்துக்கும் மணிக்கணக்கில் சம்பளம் வந்தது. ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை கனடாத் தொழிற் சட்டக்கோவையில் எல்லோருக்கும்தான் இருக்கிறது. ஆனால் அந்த உரிமையைப் பயன்படுத்தியவனுக்கு அடுத்த வாரமும் வேலை இருக்குமா என்பதில்தான் வித்தியாசம்.

சங்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது டீம்ஸ்டர்ஸ் சங்கம். 1903இல் அமெரிக்காவில் குதிரை வண்டி ஓட்டியவர்கள் சேர்ந்து அமைத்தது. இன்றும் அதன் சின்னத்தில் ஒரு சில்லும் இரண்டு குதிரைத் தலைகளும் இருக்கின்றன. மாதச் சந்தா ஏறக்குறைய இரண்டரை மணி நேரச் சம்பளம், அது சம்பளத்திலேயே கழிக்கப்படும். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக் காட்டவும் முடியும். இந்தக் கழிப்பு முறைக்கு இங்கே ஒரு வரலாறு உண்டு. 1945இல் வின்ட்சர் நகரின் ஃபோர்ட் தொழிற்சாலையில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அதைத் தீர்த்துவைத்த நீதிபதி ஐவன் ராண்ட் 1946இல் ஒரு தீர்ப்பு வழங்கினார். ஒருவர் சங்கத்தில் சேர்வதும் சேராததும் அவர் விருப்பம். ஆனால் சங்கம் பேசிப் பெற்ற நன்மை எல்லோருக்கும் போவதால் சந்தாவை எல்லோரும் கட்ட வேண்டும் என்பதே அதன் சாரம். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

மலையகத் தோட்டத் தொழிலாளரின் சம்பளப் பேச்சுகளில் நாம் கேட்டுப் பழகிய அதே கூட்டு ஒப்பந்தம்தான் இங்கும் எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கும் காலத்தில் நாங்கள் வேலைநிறுத்தம் செய்யவும் முடியாது, கம்பனி எங்களை வெளியே நிறுத்திக் கதவடைக்கவும் முடியாது. தீராத முறைப்பாடு நடுவரிடம் போகும், அவர் சொல்வது இறுதியானது. அந்த ஒப்பந்தத்தைச் சிறு புத்தகமாக அச்சிட்டு எனக்கும் ஒரு பிரதி தந்தார்கள். நான் அதை முழுவதும் வாசித்துவிட்டேன். எங்களோடு வேலை செய்பவர்களில் பலர் அதைத் திறந்தே பார்த்ததில்லை என்பது எனக்கு வருத்தம். தன் உழைப்பின் விதிகள் எழுதப்பட்ட புத்தகத்தை ஒருவர் வாசிக்காமல் இருப்பது சரியல்ல.

சங்கம் இருந்தால் எல்லாம் நிலைக்கும் என்று உனக்கு நான் சொல்ல மாட்டேன். 2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் யெல்லோ என்ற பழம்பெரும் சரக்குக் கம்பனி வங்குரோத்தானது. ஏறக்குறைய 30,000 பேர் வேலை இழந்தார்கள், அவர்களில் 22,000 பேர் டீம்ஸ்டர்ஸ் உறுப்பினர்கள். முன்பு ரைமர் என்று அழைக்கப்பட்ட அதன் கனடியப் பிரிவும் அதோடு மூடப்பட்டது. கம்பனி போனால் அந்தக் கம்பனியின் சேவைமூப்புப் பட்டியலும் போய்விடும். அப்படி வேலையிழந்து வந்த ஒருவர் பட்டியலில் எனக்குச் சற்று மேலே இருக்கிறார். பழைய இடத்தில் அவர் முதற் பக்கத்தில் இருந்தவர், இப்போது என்னைப் போலவே நடுச்சாமத் தொலைபேசிக்குக் காத்திருக்கிறார். இதைப் பற்றி அவரோடு பேசியிருக்கிறேன். அவர் கசந்துகொள்ளவில்லை, ஆனாலும் சேவைமூப்பை ஒரு கம்பனியில் இருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசெல்ல வழியில்லாதது இந்த முறையின் பெரிய குறை என்றே நான் நினைக்கிறேன். சங்கம் ஒன்றாகவே இருக்கும்போது இதற்கு ஒரு வழி கண்டிருக்கலாம்.

இனி உன் தம்பியின் மகனின் விடயம். அவனிடம் கேட்கும் முறைக்கு இங்கே டிரைவர் இன்க் என்று பெயர். கம்பனியின் ட்ரக்கை, கம்பனி சொல்லும் நேரத்தில், கம்பனி சொல்லும் இடத்துக்கு ஓட்டுபவன் எல்லா வகையிலும் ஊழியன்தான். ஆனால் காகிதத்தில் அவனைத் தனி வணிகமாகக் காட்டிவிட்டால், விடுமுறைச் சம்பளம், மேலதிக நேரம், மத்திய சட்டப்படி ஊழியருக்கு உரிய சம்பளத்தோடு கூடிய பத்து மருத்துவ விடுப்பு நாட்கள் எதையும் கொடுக்கத் தேவையில்லை என்று அந்தக் கம்பனிகள் நடந்துகொள்கின்றன. ஓய்வூதியத் திட்டத்துக்கு முதலாளி கட்ட வேண்டிய பாதியும் அவன் தலையில் விழும். வேலை போனால் வேலையிழப்புக் காப்புறுதி கேட்டு நிற்கவும் அவனுக்கு வழியிருக்காது. ஊழியரை இப்படி வேறாக வகைப்படுத்துவதைத் தொழிற் சட்டக்கோவை 2021இல் இருந்து தடை செய்திருக்கிறது, இருந்தும் நடக்கிறது. கையில் வரும் காசோலை பெரிதாகத் தெரிவதால் புதிதாக வந்த பிள்ளைகள் ஏமாந்துவிடுகிறார்கள். எங்கள் ஆட்களும், பஞ்சாபிப் பிள்ளைகளும் இதில் அகப்பட்டு, ஆண்டு முடிவில் வரி கட்டப் பணமில்லாமல் நிற்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அவன் உடனே சங்கக் கம்பனியில் சேர்வது கடினம் என்பதும் உண்மை. ஒன்ராறியோவில் 2017 ஜூலையில் இருந்து குறைந்தது 103.5 மணி நேரப் பயிற்சி இல்லாமல் இந்த அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் சஸ்கச்சுவான் மாகாணத்தில் ஹம்போல்ட் ஹொக்கி அணியின் பஸ்ஸும் ஒரு ட்ரக்கும் மோதிப் பதினாறு பேர் இறந்த பிறகு மற்ற மாகாணங்களும் இதைப் பின்பற்றத் தொடங்கின. ஆனால் அந்தப் பயிற்சி தொடக்கம் மட்டுமே. பனியில் ஓட்டவும், நெரிசலான முற்றத்தில் பின்னோக்கி எடுக்கவும் அதற்குள் கைவராது. நல்ல கம்பனிகள் ஓரிரு ஆண்டு அனுபவம் கேட்கும். ஆகவே அவன் சில சரக்கு முனையங்களில் இரவு வேளையில் பொருட்களை ஏற்றி இறக்கும் வேலைக்கு விண்ணப்பிக்கட்டும். அங்கிருந்தே சாரதியாக ஏறியவர்கள் எங்கள் பட்டியலில் பலர் இருக்கிறார்கள். இல்லையென்றால், சிறிய கம்பனியானாலும் சம்பளச் சீட்டில் முறையாகக் கழிவுகள் காட்டி ஊழியனாக வைத்துக்கொள்ளும் இடமாகப் பார்க்கட்டும். ஆபத்தான பொருட்களை ஏற்றுவதற்கான சான்றிதழையும் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல். அது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும், கேட்காத கம்பனி குறைவு.

அவனுடைய தொலைபேசி இலக்கத்தை எனக்கு உடனே அனுப்பு. எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் அழைப்பு வருவதில்லை. அந்தக் கம்பனி கொடுத்த காகிதங்களை எடுத்துக்கொண்டு அவன் ஸ்காபரோவுக்கு வந்தால் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இருவரும் இருந்து வாசிக்கலாம். அதுவரை அவன் எதிலும் கையொப்பமிட வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடு.

வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பைச் சொல்.

உன் நண்பன்