கிட்டங்கியில் சீறியது பாம்பில்லை

அன்புள்ள முத்து,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டுவலி தேவலை. உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்கள். பதனீர் இறங்க ஆரம்பித்துவிட்டது.

வாலிநோக்கம் போகிற வழியில் பூட்டிக் கிடக்குமே பழைய சரக்குக் கிட்டங்கி, அதற்குள் நல்லபாம்பு அடைந்திருக்கிறது என்றார் பனையேறும் அண்ணன் ஒருவர். ராத்திரி முழுக்கச் சீறுகிறதாம். எனக்கு அங்கேயே சந்தேகம். ஆளைக் கண்டு மிரண்டால்தான் பாம்பு சீறும். ஆளில்லாத இடத்தில் விடிய விடிய எதற்குச் சீற வேண்டும்?

பொழுது சாய்ந்ததும் போய் உடைமரத்தடியில் உட்கார்ந்தேன். இருட்டியதும் ஆரம்பித்தது. "ஷ்ஷ்ஷ்... ஷ்ஷ்ஷ்..." என்று குறட்டையும் சீறலும் கலந்த இழுவை. கொஞ்ச நேரத்தில் வெளுத்த உருவம் ஒன்று சிறகோசையே இல்லாமல் ஓட்டுக்கூரையின் பொத்தல் வழியாக உள்ளே போனது. அவ்வளவுதான், அத்தனை சீறலும் ஒன்றாக எகிறியது. கூகைக் குஞ்சுகள் இரை கேட்கின்றன!

காலையில் கதவிடுக்கில் பைனாகுலரை வைத்துப் பார்த்தேன். சுவர் மாடத்தில் மூன்று, படிக்கட்டு மாதிரி மூன்று அளவில். கடைக்குட்டி முழுக்க வெள்ளைப் பஞ்சு. நடுவுக்குப் பஞ்சைக் கிழித்துக்கொண்டு இறக்கைத் தூவி முளைக்கிறது. மூத்ததின் முதுகில் பொன்னிறமும் சாம்பலும் ஏறி, சின்னச் சின்னப் புள்ளிகூட விழுந்துவிட்டது. காலில் மட்டும் பஞ்சு மிச்சம். வேறு வேறு பறவை என்றே நினைக்கத் தோன்றும். ஆனால் கூகை முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கும். இரண்டு மூன்று நாள் விட்டு விட்டு இடுவதால் பொரிப்பதும் முன்பின்னாகிறது.

புள்ளி ஆந்தையோ என்று நீ கேட்பாய். கண்ணைப் பார், முத்து. அதற்கு மஞ்சள் கண், உருண்டைத் தலை. இவை மூன்றுக்கும் கருங்கண். மூத்ததின் முகம் அப்படியே வெற்றிலையை ஒட்டவைத்தது போல. என்னைக் கண்டதும் தலையைத் தாழ்த்தி இடமும் வலமும் ஆடி, "டக் டக்" என்று சொடுக்கியது. அதற்கு மேல் நிற்காமல் வந்துவிட்டேன்.

"சாக்குருவியாச்சே தம்பி, வெரட்டிப்புடலாமா?" என்றார் அண்ணன். செரிக்காததைக் கூகை கக்கிப் போட்டு வாசலில் கிடந்த உருண்டை ஒன்றைக் குச்சியால் பிரித்துக் காட்டினேன். கருத்த மயிர், அதற்குள் இரண்டு எலி மண்டையோடுகள், பல்லோடு. குனிந்து வெகுநேரம் பார்த்தவர், பிறகு பக்கத்துப் பனையில் ஏறும்போது இருமக்கூட இல்லை.

மூத்தது சிறகடித்துப் பழகுகிறது. அடுத்த ஞாயிறுக்குள் கிளம்பி வா, மூன்றையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
செல்வம்