மலையில் மர்மத் தொடர் எடுப்பவர்களுக்குக் கோத்தகிரியிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள எழுத்தாளர்களே, இயக்குநர்களே,

வணக்கம். உங்கள் தொடர்களில் கொலை நடந்தால் பாதி நேரம் அது எங்கள் மலையில்தான் நடக்கிறது. மூடுபனி, பழைய பங்களா, பைன் காடு, மழையில் வளைவு திரும்பும் ஜீப். அதில் எங்களுக்கு வருத்தமில்லை. கடைசி எபிசோடில் எல்லாவற்றையும் விளக்கிவிட வேண்டும் என்று கேட்கவும் இதை எழுதவில்லை. பாதியைச் சொல்லாமலே விடுங்கள், நல்லதுதான். பருவமழை பிடித்துவிட்டால் இங்கே ஆறு மணிக்கு மேல் வெளியே போக வழியில்லை. நாலு வீட்டு ஆட்கள் ஒரே வீட்டில் கூடி, தொடரில் வந்த மொட்டைக் கடிதத்தை எழுதியது யார் என்று ஆரம்பித்தால் தூங்கப் போக நடுநிசி ஆகிவிடும். ஆளுக்கொரு தியரி இருக்கும். எங்கள் குறை வேறு. திரையில் தெரிவதில் நீங்கள் தெரிந்து வைத்தது எது, தெரியாமல் வந்து சேர்ந்தது எது என்று எங்களால் பிரிக்க முடியவில்லை.

இப்படி ஒரு காட்சி என்று வைத்துக்கொள்வோம். நாயகன் நள்ளிரவில் மைசூரிலிருந்து கிளம்பி, விடிவதற்குள் ஊட்டி வந்து சேர்கிறான். நீங்கள் இரண்டு ட்ரோன் ஷாட்டில் அதைக் கடந்துவிடுவீர்கள். எங்கள் வீட்டில் அங்கேயே படம் நிறுத்தப்படும். மைசூர்-ஊட்டிச் சாலையில் வரும் பந்திப்பூர் காட்டு வழி இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். ஆம்புலன்சும் குறிப்பிட்ட சில பேருந்துகளும் தவிர வேறு வண்டி போகாது. எதிர்வீட்டு அண்ணன் பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப் ஓட்டுகிறவர். "அவன் மைசூர்லேர்ந்து வரவே இல்லை, பொய் சொல்றான்" என்று முதலில் பிடித்தவர் அவர்தான். சத்தியமங்கலம் பக்கம் திம்பம் மலைப்பாதை வழியாகச் சுற்றி வந்திருக்கலாமே என்றார் எங்கள் கூட்டத்தில் இருக்கும் டீச்சர். அங்கேயும் 2022-லிருந்து இரவுத் தடை. ஆக, அவன் எங்கிருந்து வந்தான்? யாரைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான்? இதிலிருந்து ஒரு தியரி முளைத்து நன்றாக வளர்ந்துவிடும். கடைசியில் பார்த்தால் அவன் மைசூரிலிருந்துதான் வந்திருக்கிறான். கேட் மூடுகிற விஷயம் உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

மர்மக் கறுப்பு கார் இல்லாத தொடரே கிடையாது. கண்ணாடி முழுக்க இருட்டு, உள்ளே யார் என்று தெரியாது. ஆனால் நம்பர் பிளேட் தெரியும். டிஎன் 43 என்றால் நீலகிரி வண்டி. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டி மலையேற இ-பாஸ் எடுக்க வேண்டும். உள்ளூர் வண்டிக்கு அது வேண்டாம். அப்படியானால் கொலையாளி எந்தப் பதிவிலும் சிக்காமல் வந்துபோகிற உள்ளூர்க்காரன்! நியாயமான ஊகம்தானே? அதே கார் அடுத்த எபிசோடில் டிஎன் 09 போர்டோடு வந்து நிற்கிறது. இரண்டு கார்களா, போலி நம்பரா, ஆர்ட் டிபார்ட்மெண்டின் கவனக்குறைவா? முதல் இரண்டும் மர்மம். மூன்றாவது வெறும் எரிச்சல்.

இன்னொன்று, ராத்திரி நடை. ஒரு பெண் இரவு இரண்டு மணிக்கு டார்ச்கூட இல்லாமல் தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கிப் போகிறாள். கோத்தகிரிப் பக்கம் கரடியும் காட்டெருமையும் வீட்டு வாசல்வரை வந்து போகும். இங்கே பிறந்து வளர்ந்த யாரும் அப்படிப் போகமாட்டார்கள். அவள் வெளியூர்க்காரி, அல்லது சாகத் துணிந்தவள். இரண்டில் எது என்று எங்களுக்குள் சண்டையே நடக்கும். ஆனால் உங்களுக்கு அது நிலா வெளிச்சத்தில் ஒரு அழகான ஷாட், வேறொன்றுமில்லை.

பிளாஷ்பேக்கில் பூ காட்டுவதிலும் இதே கதைதான். கொடைக்கானல் சரிவு முழுக்கக் குறிஞ்சி பூத்துக் கிடந்தால் நாங்கள் உடனே வருடக் கணக்குப் போடுவோம். அது பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூப்பது. 2006, 2018, அடுத்து 2030. அந்தக் காட்சியில் கைக்குழந்தையாக இருப்பவள் இன்றைக்கு இருபது வயசுப் பெண் என்றால் அது 2006-ஆகத்தான் இருக்க வேண்டும். அப்படியென்றால் அவள் அப்பா என்று சொல்லிக்கொள்பவர் அப்போது எங்கே இருந்தார்? பாருங்கள், ஒரு பூவை வைத்து ஒரு குடும்ப ரகசியத்தையே அவிழ்க்கலாம். நீங்கள் அதைக் கம்ப்யூட்டரில் நீலமாகத் தூவிவிட்டிருந்தால் எங்கள் கணக்கெல்லாம் வீண். அதைவிடக் கொடுமை, மார்ச், ஏப்ரலில் ஊருக்குள் பூக்கிற ஜக்கராண்டா மரத்தைக் காட்டிவிட்டுப் பின்னணிக் குரலில் குறிஞ்சி என்று சொல்வது. நல்லவேளை, குறிஞ்சி மரம் இல்லை, புதர் என்பதாவது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

விவரத்துக்குள் மாட்டிக்கொள்ள விருப்பமில்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 2022-ல் வந்த ‘சுழல்’ தொடருக்குச் சாம்பலூர் என்று ஒரு கற்பனை ஊரையே உண்டாக்கினார்கள். கற்பனை ஊருக்கு வனத்துறை கேட்டும் கிடையாது, இ-பாஸும் கிடையாது. அங்கே விதி நீங்கள் வைத்ததுதான். கோத்தகிரி, குன்னூர் என்று பெயர் சொல்லிவிட்டால் அந்த ஊரின் விதியும் கூடவே வரும்.

வெளிநாட்டுத் தொடர்களிலும் இந்தத் தொல்லை உண்டு. விமான விபத்தில் தப்பி ஒரு தீவில் மாட்டிக்கொண்டவர்களின் கதையான ‘லாஸ்ட்’ தொடரின் கடைசி எபிசோடு 2010 மே 23 அன்று ஒளிபரப்பானது. முடிவில் எழுத்துகள் ஓடும்போது ஆளில்லாத கடற்கரையில் விமானச் சிதைவுகள் மட்டும் கிடப்பதைக் காட்டினார்கள். உடனே உலகம் முழுக்க, முதல் நாள் விபத்திலேயே எல்லோரும் செத்துவிட்டார்கள், தீவில் நடந்தது எதுவும் நிஜமில்லை என்று ஒரு தியரி பரவியது. இன்றைக்கும் அதை நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படங்களைச் சேர்த்தது கதை எழுதியவர்கள் அல்ல, சேனல். உணர்ச்சிகரமான முடிவுக்கும் அடுத்து வரும் நிகழ்ச்சிக்கும் நடுவே கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுக்கலாமே என்று போட்டது. ஆறு சீசன் உழைப்பை அது குழப்பிவிட்டது.

அதே தொடரில் வால்ட் என்ற சிறுவன் வருவான். அவனிடம் ஏதோ அபூர்வ சக்தி இருப்பதுபோல முதல் சீசன் முழுக்கக் காட்டிவிட்டு, அப்புறம் அவனை ஓரங்கட்டிவிட்டார்கள். காரணம் எளிது. கதையில் சில வாரங்கள்தான் ஓடியிருக்கின்றன, நடித்த பையனோ நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டான். ரசிகர்கள் அதில் தத்துவம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

தற்செயலாக வந்ததெல்லாம் குப்பை என்று நான் சொல்லவில்லை. ‘ட்வின் பீக்ஸ்’ என்ற அமெரிக்க மர்மத் தொடரை எடுத்தபோது செட்டில் பொருள்களை அடுக்கும் வேலை பார்த்த ஃபிராங்க் சில்வா, ஒரு காட்சியில் தெரியாமல் கண்ணாடியில் பிரதிபலித்துவிட்டார். இயக்குநர் டேவிட் லிஞ்ச் அதை வெட்டி எறியவில்லை. அவரையே நடிக்கவைத்து, தொடரின் மிகப் பயங்கரமான பாத்திரமாக்கிவிட்டார். தவறு என்று தெரிந்ததும் அதைக் கதைக்குள் இழுத்துப் பொறுப்பேற்றுக்கொண்டார் பாருங்கள், அதுதான் விஷயம். அதே தொடரில் லாரா பாமர் என்ற பெண்ணைக் கொன்றது யார் என்பதைச் சீக்கிரம் சொல்லச் சொல்லி சேனல் நெருக்கியது. 1990-லேயே சொல்லிவிட்டார்கள். பார்வையாளர்கள் குறைந்துகொண்டே போய், அடுத்த வருடம் தொடர் நின்றுபோனது. விடை சொல்லிவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது.

2007-ல் ‘தி சோப்ரானோஸ்’ என்ற மாஃபியா தொடர் ஒரு காட்சியின் நடுவிலேயே திரை கறுத்து முடிந்தது. கேபிள் போய்விட்டதோ என்று அமெரிக்காவில் பலர் பதறினார்கள். ஜூன் மாதத்தில் இங்கே பார்த்திருந்தால் கரண்ட் போய்விட்டது என்று மெழுகுவர்த்தி தேடியிருப்போம். ஆனாலும் அந்த முடிவு எனக்குப் பிடிக்கும். அதற்குமுன் உணவகத்துக்குள் யார் வருகிறார்கள், யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று ஒவ்வொரு ஷாட்டையும் அளந்து வைத்திருந்தார்கள். அதனால்தான் நாயகன் செத்தானா இல்லையா என்று இன்னும் வாதாட முடிகிறது.

நம் ஊரில் இதெல்லாம் புதிதும் இல்லை. 1990-களில் ‘மர்மதேசம்’ வரிசையில் ‘விடாது கருப்பு’ ஓடியபோது, தண்டிப்பது காவல் தெய்வமா மனிதனா என்று வாரா வாரம் தெருவே இரண்டாகப் பிரிந்து நின்றது.

இன்னொரு பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ரசிகர்கள் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், இரண்டாம் சீசனில் சம்பந்தமே இல்லாத ஒருவனைக் குற்றவாளியாக்குவது. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் வரும் ஜான் ஸ்னோ என்ற பாத்திரத்தின் பெற்றோர் யார் என்பதை, அதன் மூல நாவல் 1996-ல் வந்த சில வருடங்களிலேயே வாசகர்கள் கணித்துவிட்டார்கள். 2016-ல் திரையில் அதே விடைதான் வந்தது. சரியாகச் சொன்னவர்கள் அன்றைக்குத் துள்ளிக் குதித்தார்கள், அதில் யாருக்கு என்ன நஷ்டம்? எங்கள் டீச்சர் மூன்றாவது எபிசோடிலேயே ஆளைச் சொல்லிவிட்டால் அது உங்கள் தோல்வி இல்லை. நீங்கள் தடயத்தை ஒழுங்காக வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

கேட்பது இதுதான். ‘லாஸ்ட்’ முடிந்த அதே வருடம் டிவிடி தொகுப்போடு சுமார் பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு பின்கதை வெளியிட்டார்கள். வால்டை அதில் மறுபடி கொண்டுவந்தார்கள், தொங்கிக்கொண்டிருந்த சில கேள்விகளையும் முடித்தார்கள். அதுபோல நீங்களும் ஒன்று செய்யலாம், படம் எடுக்கப் பணமில்லை என்றால் ஒரு பேட்டி போதும். நடிகர் விலகியதால் விட்டது எது, பட்ஜெட் போதாமல் விட்டது எது, எடிட்டிங்கில் தொலைந்தது எது என்று மட்டும் சொல்லுங்கள். வேண்டுமென்றே விட்டதற்கு விடை வேண்டாம். அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அடுத்த கதையை எங்கள் ஊரில் வைப்பதாக இருந்தால், கேமராவை மலையேற்றும் முன்னால் திரைக்கதையை உள்ளூர்க்காரர் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். பிக்கப் அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமை இலை லோடு கிடையாது. கறாரான ஆள், ஆனால் கதையை வெளியே விடமாட்டார்.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து ஒரு பார்வையாளர்