மங்களத்துக்கு ஒரு கடிதம்

ஆக்ஸ்பர்க்
செவ்வாய் இரவு

அன்புள்ள மங்களம்,

உன் கடிதம் கிடைத்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. உங்கள் குடும்பச் சத்திரத்தை விற்றுவிடலாம் என்று உன் அண்ணன்கள் இருவரும் ஒரே குரலில் சொல்வதாக எழுதியிருந்தாய். அவர்கள் ஒரே குரலில் பேசி நான் கேள்விப்படுவது இதுதான் முதல் தடவை. அதற்காகவே பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்கலாம். மற்றதற்குப் பதில் சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். நடுவே நான் ஊர் சுற்றிய கதையும் வரும், பொறுத்துக்கொள்.

இங்கே எல்லோரும் நலம். பேத்திக்கு ஜெர்மன் தண்ணீர்பட்ட பாடு. தமிழில் ழகரம் மட்டும் இன்னும் வசப்படவில்லை. என் முழங்கால் பழையபடியே. பானு மருமகளோடு பேச ஆரம்பித்துவிட்டாளா, இல்லை இன்னும் காப்பி டம்ளரை நங்கென்று வைப்பதோடு நிற்கிறாளா?

ஊரைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் மியூனிக்குக்கு அடுத்தபடியாகப் பேசப்படும் பழைய ஊர்களில் ஒன்று. கி.மு. 15இல் ரோமானியப் படை பாளையம் போட்ட இடம். அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் பெயரைத்தான் இன்றுவரை சுமக்கிறது. லெக் ஆற்றிலிருந்து வெட்டிய வாய்க்கால்கள் பழைய நகருக்குள் வீட்டு வாசலை ஒட்டியே ஓடுகின்றன. அந்தத் தண்ணீர்தான் முதலில் மாவு ஆலைகளையும் பட்டறைகளையும் சுழற்றியது, பிறகு பஞ்சாலைகளைச் சுழற்றியது. குடிநீரையும் தொழிலுக்கான நீரையும் 16ஆம் நூற்றாண்டிலேயே தனித்தனியாகப் பிரித்துவிட்டார்களாம். அந்த நீர் ஏற்பாட்டை 2019இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

உன் பெரியப்பா தோட்டத்துக் கிணற்றடியில் ஆயில் எஞ்சின் ஒன்று இருமிக்கொண்டே கிடக்குமே, அதன் பூர்வீகமும் இந்த ஊர்தான். ருடால்ஃப் டீசல் 1893 முதல் 1897 வரை இங்குள்ள இயந்திரத் தொழிற்சாலையில்தான் தன் எஞ்சினை ஓடவைக்கப் போராடினார். நாம் அந்த எஞ்சினுக்கு வைத்த பெயரை மகளிடம் சொன்னேன். பேத்தி எதிரில் இதெல்லாம் வேண்டாம் என்று வாயை அடைத்துவிட்டாள். தொழிற்சாலைகளில் கார் பாகங்களைத் தூக்கி ஒட்டும் ஆரஞ்சு நிற ரோபோ கைகளைச் செய்யும் குக்கா நிறுவனமும் இங்கேதான் இருக்கிறது. 1898இல் விளக்கெரிக்க அசெட்டிலீன் வாயு தயாரிக்கத் தொடங்கிய நிறுவனம் அது. இன்று அதன் உரிமையாளர் ஒரு சீன நிறுவனம். மருமகன் அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ரசம் ஆறிவிடும். ஆகையால் அதை இங்கே நிறுத்துகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஊரில் ஃபுக்கெராய் என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. யாகோப் ஃபுக்கர் என்ற வணிகர் 1521இல் ஏழைகளுக்காகக் கட்டிவைத்தது. ஒரு வருட வாடகை அன்று ஒரு கில்டர், அந்தக் காலத்து நாணயம். இன்றும் அதே ஒரு கில்டர்தான். யூரோவில் 88 சென்ட், நம் பணத்தில் நூறு ரூபாயை ஒட்டி. மாதத்துக்கு அல்ல, வருடத்துக்கு! மின்சாரம், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவு இவை மட்டும் தனி. உள்ளே போய்ப் பார்க்க நான் வாங்கிய டிக்கெட்டின் விலையில் அங்கே ஒருவர் பல வருடம் குடியிருந்துவிடலாம்.

மஞ்சள் பூசிய சுவர், பச்சை ஜன்னல் கதவு, சின்னச் சின்னத் தெரு, நடுவில் ஒரு தேவாலயம். ஊருக்குள்ளேயே ஓர் ஊர், அதற்குத் தனி மதில், தனி வாசல். மாடியில் இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் தெருவிலிருந்தே தனித்தனிக் கதவு வைத்திருக்கிறார்கள். கீழ்வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் தோட்டம், மேல்வீட்டுக்காரருக்குப் பரண். ஏழை என்றாலும் அவனவன் வாசல் அவனவனுக்கு என்று 500 வருடத்துக்கு முன்னால் ஒருவன் யோசித்திருக்கிறான் பார். ஒவ்வொரு கதவருகிலும் மணி இழுக்கும் இரும்புப் பிடி தொங்குகிறது. ஒன்று இலை வடிவம், இன்னொன்று பைன் காய் வடிவம், வீட்டுக்கு வீடு வேறு. தெருவிளக்கு இல்லாத காலத்தில் இருட்டில் தடவிப் பார்த்தே தன் வீட்டைக் கண்டுபிடிக்கத்தான் இப்படியாம். நான் ஒரு பிடியைத் தடவிக்கொண்டிருந்தபோது ஜன்னலிலிருந்து ஒரு பாட்டி எட்டிப் பார்த்தாள். காட்சிப் பொருள் அல்ல, ஆள் குடியிருக்கும் வீடு! இப்போதும் சுமார் 150 பேர் இருக்கிறார்கள். இசைமேதை மொட்ஸார்ட்டின் கொள்ளுத்தாத்தா, கொத்தனார் வேலை பார்த்தவர், கடைசிக் காலத்தில் இங்கேதான் இருந்தார். இரவு பத்து மணிக்கு வாசலைப் பூட்டிவிடுவார்கள். தாமதமாக வருபவர் காவலரிடம் சில்லறை கொடுத்துத்தான் உள்ளே போக வேண்டும். நம் விடுதிக் காப்பாளர் அம்மாளுக்கு இது தெரிந்திருந்தால் கல்லூரியையே வாங்கியிருப்பார்.

வாடகையில் இன்னொரு பாகமும் உண்டு. குடியிருப்பவர்கள் தினமும் மூன்று ஜெபம் சொல்ல வேண்டும், கட்டிவைத்தவரின் ஆன்மாவுக்காக. கத்தோலிக்கர்களுக்கு மட்டும்தான் இடம். இதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. இந்த மனிதர் லேசுப்பட்டவர் அல்ல. பாட்டனார் காலத்தில் தறி நெய்ய ஊருக்குள் வந்த குடும்பம். இவர் காலத்தில் வெள்ளி, செம்புச் சுரங்கம், வட்டிக்கடை. 1519இல் ஐந்தாம் சார்லஸைப் புனித ரோமானியச் சக்கரவர்த்தியாகத் தேர்ந்தெடுக்க, வாக்களிக்கும் சிற்றரசர்களுக்கு வாரி இறைத்த எட்டரை லட்சம் கில்டரில் ஐந்து லட்சத்துக்கும் மேல் இவருடைய கடன். பாக்கி வராதபோது, நான் இல்லாவிட்டால் உமக்குக் கிரீடம் ஏது என்ற தொனியில் சக்கரவர்த்திக்கே கடிதம் எழுதியவர். அப்படிப்பட்டவர் ஏழைக்குப் போட்ட வீட்டிலும் ஒரு வரவு எதிர்பார்த்தார். தானமா இது, கொடுக்கல் வாங்கலா என்று மகளிடம் சண்டை போட்டேன். "உன் சினேகிதி வீட்டுச் சத்திரத்தில் தாத்தா பெயரைக் கருங்கல்லில் வெட்டி வைக்கவில்லையா?" என்று கேட்டாள். வாயை மூடிக்கொண்டு பக்கத்துக் கடையில் காப்பி வாங்கித் தரச் சொன்னேன்.

ஆனால் மங்களம், என்னைத் தூங்கவிடாதது ஜெபம் அல்ல, கணக்கு. 88 சென்ட் வாடகையில் கூரையில் ஓர் ஓடுகூட மாற்ற முடியாது. பின் எப்படி நிற்கிறது? ரொக்கமாக வைத்த மூலதனத்தைப் பின்னால் வந்தவர்கள் நிலமாகவும் காடாகவும் மாற்றினார்கள். இன்றும் அந்த அறக்கட்டளையின் முக்கிய வருமானம் காட்டு மரம்தான். கல்வெட்டு வகுப்பில் நீ சொல்வாயே, சோழர் காலத்தில் நந்தாவிளக்குக்கு நெய் கொடுக்கச் சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு விட்டார்கள் என்று. குட்டி போட்டு எண்ணிக்கை குறையாமல் நிற்பதால் அந்த மந்தைக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை. அந்த ஆடுதான் இங்கே மரமாக நிற்கிறது. 1944 பிப்ரவரியில் குண்டு விழுந்து குடியிருப்பின் பெரும்பகுதி இடிந்துபோனது. சில நாட்களுக்குள்ளேயே, போர் முடியும் முன்பே, குடும்பத்தார் கூடி மறுபடி கட்டுவது என்று முடிவெடுத்தார்கள். கட்டடம் போனாலும் அதைச் சுமக்கும் சொத்து கையில் இருந்தது. அந்தக் குடும்பத்துக் கிளைகள்தான் இன்றைக்கும் அதை நிர்வகிக்கின்றன.

உன் அண்ணன்கள் என்ன சொல்கிறார்கள்? கூரை ஒழுகுகிறது, யாத்திரைக்காரர் யாரும் வருவதில்லை, ஆகவே விற்றுவிடலாம். யாரும் வருவதில்லை என்பது நியாயமான பேச்சுதான். காலி அறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்க நான் சொல்லவில்லை. உன் தாத்தா எழுதிவைத்த சாசனத்தை எடுத்துப் படி. கட்டடத்தைக் காப்பாற்று என்று எழுதினாரா, வழிப்போக்கருக்குச் சோறு போடு என்று எழுதினாரா? சோறுதான் என்றால், அரசு மருத்துவமனை வாசலில் நோயாளிக்குத் துணையாக வந்து படிக்கட்டில் படுத்துக் கிடப்பவர்கள் எல்லோரும் வழிப்போக்கர்கள்தான். சத்திரத்திலிருந்து நடந்துபோகும் தூரம்.

இன்னொன்று. கேட்கக் கசப்பாக இருக்கும், வேறு யாரும் உன்னிடம் கேட்கவும் மாட்டார்கள். சத்திரத்தோடு சேர்த்து எழுதிவைத்த நஞ்சை நிலம் எங்கே? குத்தகை யார் வாங்குகிறார்கள், எந்தக் கணக்கில் ஏறுகிறது? கூரை ஒழுக ஆரம்பித்ததும் சின்ன அண்ணன் வீட்டுக்கு இரண்டாவது மாடி எழும்பியதும் ஒரே சமயத்தில்தான் என்று நினைக்கிறேன். நீ அழுதாலும் பரவாயில்லை, கேட்டுவிடு.

முதலில் வில்லங்கச் சான்றும் சாசனத்தின் நகலும் வாங்கு. அறக்கட்டளைச் சொத்தை விற்க யாருக்கு அதிகாரம் என்று நல்ல வக்கீல் ஒருவரிடம் கேள். நம் சரஸ்வதி அக்கா மகன் வேண்டாம், அவன் யார் பக்கம் என்று அவனுக்கே தெரியாது. அதுவரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே. காப்பி கொடுத்து, கண்ணீர் விட்டு, அம்மா பெயரைச் சொல்லிக் கேட்டாலும் போடாதே.

ஆடி பிறப்பதற்குள் நான் ஊருக்கு வந்துவிடுவேன். அதற்குள் பதில் எழுது.

அன்புடன்,
வசந்தா

பி.கு.: நான் இதில் தலையிட்டதைப் பெரிய அண்ணனிடம் சொல்லாதே. சொன்னாலும் எனக்கொன்றும் பயமில்லை; ஆனால் உன் வீட்டுக் கல்யாணத்தில் அவர் பக்கத்துப் பந்தியில்தான் என்னை எப்போதும் உட்கார வைப்பாய்.