பட்டியலில் விடுபட்ட ஜெனரல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க ராணுவத் தளபதிகளைப் பற்றி வந்திருந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல விறுவிறுப்பு. முதலில் ஒரு சின்னத் திருத்தம். பேட்டன் இடுப்பில் தொங்கிய கைத்துப்பாக்கியின் பிடி முத்துச்சிப்பியில் செய்தது என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். அது தந்தம். யாராவது முத்துச்சிப்பி என்று சொன்னால் பேட்டனுக்கே பிடிக்காதாம். சரி, அது போகட்டும். என் மனக்குறை வேறு. அத்தனை பக்கக் கட்டுரையில், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ஜார்ஜ் மார்ஷல் ஒரே ஓர் இடத்தில் தலைகாட்டுகிறார். அதுவும், போருக்குப் பின் மேற்கு ஐரோப்பாவுக்கு அமெரிக்கா செய்த உதவியான ‘மார்ஷல் திட்டம்’ என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொண்டு.

பள்ளி வரலாற்றுப் பாடத்தில் மார்ஷல் திட்டம் என்று படித்தபோது, மார்ஷல் என்பது ஏதோ பட்டாளத்துப் பதவி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆள் பெயர் என்று தெரியவே பல வருடம் ஆயிற்று. இந்தக் குழப்பம் நமக்கு மட்டுமில்லை. 1944 டிசம்பரில் அமெரிக்கா ஐந்து நட்சத்திரப் பதவியை உருவாக்கியபோது, அதற்கு ‘மார்ஷல்’ என்று பெயர் வைக்காமல் விட்டதற்கு, அவரை ‘மார்ஷல் மார்ஷல்’ என்று கூப்பிட வேண்டிவருமே என்பதும் ஒரு காரணம் என்பார்கள். உண்மையோ, யாராவது கட்டிவிட்டதோ.

நான் ரயில்வேயில் சரக்குப் போக்குவரத்துப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் வேலையில் வண்டி தாமதமானால் எல்லாருக்கும் நம் பெயர் தெரியும்; நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் யாருக்கும் தெரியாது. அதனால்தானோ என்னவோ, மார்ஷலின் வாழ்க்கையில் என்னை முதலில் பிடித்து நிறுத்தியது முதல் உலகப் போரில், 1918 செப்டம்பரில் அவர் பிரான்ஸில் செய்த காரியம். சான் மியேல் என்ற இடத்தில் செப்டம்பர் 12-ஆம் தேதி ஒரு தாக்குதல். அங்கிருந்து நூறு கிலோமீட்டர் அளவு தள்ளி, மியூஸ்-ஆர்கோன் முனையில் 26-ஆம் தேதி இன்னொரு தாக்குதல். இடையில் இரண்டே வாரம். அந்த முனையிலிருந்து பிரெஞ்சுப் படைகள் வெளியே வர வேண்டும், அமெரிக்கப் படைகள் உள்ளே போக வேண்டும். சுமார் 6 லட்சம் பேர், பீரங்கி, குதிரை, தீவனம், குண்டு, ரொட்டி எல்லாம் சேர்த்து. இருந்ததோ மூன்று சாலைகள். ஜெர்மானியர் கண்ணில் படாமல் இருக்க, இரவில் மட்டுமே நகர்த்த வேண்டும். இந்தத் திட்டத்தை உட்கார்ந்து எழுதியவர் 37 வயது மார்ஷல். 26-ஆம் தேதி விடிகாலையில் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. குதிரை வண்டியையும் லாரியையும் ஒரே சாலையில் இருட்டில் விடுவது என்றால் என்னவென்று எங்கள் ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கட்டுரையாளர் தளபதி என்றால் போர்க்களத்தில் நின்றவர் என்று ஒரு கோடு கிழித்துக்கொண்டார். அந்தக் கோட்டுக்கு உள்ளே மார்ஷல் வரமாட்டார், உண்மைதான். இரண்டு உலகப் போர்களிலும் அவர் ஒரு பெரும் படையைக் களத்தில் நடத்தியதே இல்லை. ஆனால் தலைமை என்று தலைப்பில் போட்டுவிட்டு, மேலே இருப்பவரிடம் ஒரு மனிதர் எப்படி நடந்துகொண்டார் என்பதைப் பார்க்காமல் விடலாமா? அதில் மார்ஷலுக்கு ஈடு சொல்ல எனக்கு ஆள் தெரியவில்லை.

1917 அக்டோபர். பிரான்ஸில் முதல் டிவிஷனின் பயிற்சியைப் பார்க்க ஜெனரல் பெர்ஷிங் வருகிறார். அமெரிக்கப் படைகளுக்கெல்லாம் தலைவர். பார்த்தது பிடிக்கவில்லை, டிவிஷன் தளபதியை, அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் முன்னாலேயே வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டுக் கிளம்புகிறார். மார்ஷல் குறுக்கே போய்ப் பேச ஆரம்பிக்கிறார். பெர்ஷிங் காதில் போட்டுக்கொள்ளாமல் திரும்ப, கையைப் பிடித்து நிறுத்தி, என்னென்ன கேட்டோம், எதெது வரவில்லை என்று அடுக்கிவிட்டார். கூட இருந்தவர்கள் ‘இவன் கதை முடிந்தது’ என்று துக்கம் விசாரித்தார்களாம். நடந்தது வேறு. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் பெர்ஷிங் இவரைத் தனியே அழைத்து, நிலைமை உண்மையில் எப்படி இருக்கிறது என்று கேட்டார். 1919-இல் தன் உதவியாளராகவே வைத்துக்கொண்டார். பெர்ஷிங்குக்கும் இதில் பாதிப் பெருமை உண்டு. எத்தனை மேலதிகாரிகளுக்கு அது வரும்? என் அனுபவத்தில் ஒருவரோ இருவரோ.

இதே காட்சி 1938 நவம்பரில் வெள்ளை மாளிகையில் மறுபடி நடந்தது. அதிபர் ரூஸ்வெல்ட் ஆயிரக்கணக்கில் விமானம் கட்ட வேண்டும் என்று பேசுகிறார். அவற்றை ஓட்ட ஆள், பயிற்சி, தரைப்படை பற்றிப் பேச்சே இல்லை. சுற்றி இருந்தவர்கள் தலையாட்டுகிறார்கள். ‘நீ என்ன நினைக்கிறாய், ஜார்ஜ்?’ என்று கேட்க, ‘மன்னிக்க வேண்டும், எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை’ என்றார் மார்ஷல். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அவருக்குப் பிடிக்கவில்லை என்பது தனிக்கதை. மீண்டும் துக்க விசாரிப்பு. சில மாதம் கழித்து, மூத்தவர்கள் முப்பது பேருக்கு மேல் இருக்க, அதே ரூஸ்வெல்ட் இவரைத் தலைமைத் தளபதியாகத் தேர்ந்தெடுத்தார். பதவி ஏற்ற நாள் 1939 செப்டம்பர் 1. ஹிட்லர் போலந்துக்குள் புகுந்த அதே நாள்.

அன்று அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர்கள் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. போர் முடிந்தபோது 80 லட்சத்துக்கு மேல். இடைப்பட்ட காலத்தில் லாரியின் பக்கவாட்டில் ‘டாங்கி’ என்று எழுதி ஒட்டிப் போர்ப் பயிற்சி நடத்திய கூத்தெல்லாம் உண்டு. கட்டாய ராணுவச் சேவையை நீட்டிக்கும் சட்டம் 1941 ஆகஸ்டில் கீழவையில் 203-க்கு 202 என்று ஒரே ஓட்டில் பிழைத்தது. அதற்காக உறுப்பினர்களிடம் ஓயாமல் பேசியவர் மார்ஷல். உங்கள் கட்டுரையில் வந்த ஐசனோவர் 1941 தொடக்கத்தில் வெறும் லெப்டினன்ட் கர்னல். அவரை அழைத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பியதும் இவர்தான். திறமையான அதிகாரிகளின் பெயரை ஒரு கறுப்பு நோட்டில் எழுதி வைத்திருந்தார் என்று சொல்கிறார்கள். அந்த நோட்டு இதுவரை யார் கையிலும் கிடைக்கவில்லை.

இனி அந்த 1943 டிசம்பர். ஹிட்லர் பிடியிலிருந்த பிரான்ஸில் இறங்கும் நார்மண்டிப் படையெடுப்புக்கு யார் தலைவர்? சரித்திரத்தில் நிற்கும் பதவி அது. மார்ஷலுக்கு அது வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், ரூஸ்வெல்ட்டுக்கும் தெரியும். கெய்ரோவில் வைத்து அவரிடமே கேட்டார்: உமக்கு என்ன விருப்பம்? ‘வேண்டும்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கிடைத்திருக்கும். அவர் சொல்லவில்லை. என் விருப்பத்தைப் பார்க்காதீர்கள், நாட்டுக்கு எது சரியோ அதைச் செய்யுங்கள் என்றுவிட்டார். நீர் வாஷிங்டனில் இல்லாவிட்டால் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வராது என்று சொல்லி, பதவியை ஐசனோவருக்குக் கொடுத்தார் ரூஸ்வெல்ட். முடிவை ஸ்டாலினுக்குத் தெரிவிக்கும் குறிப்பை எழுதியவர் யார் தெரியுமா? மார்ஷல்தான், தன் கையாலேயே. ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டார். மறுநாள் மார்ஷல் அந்தக் காகிதத்தை, நினைவாக வைத்துக்கொள்ளும் என்று அடியில் இரண்டு வரி சேர்த்து ஐசனோவருக்கு அனுப்பிவைத்தார். எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு ஒருமுறை வேறொருவருக்குப் போனபோது, அவருக்குக் கைகொடுக்கவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

மார்ஷலுக்குச் சொந்தப் பிள்ளை கிடையாது. மனைவியின் முதல் மணத்துப் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகவே பார்த்தார். அவர்களில் ஆலன் என்ற இளைஞர் டாங்கிப் படையில் சேர்ந்து, 1944 மே மாதம் இத்தாலியில் சுடப்பட்டு இறந்தார். மார்ஷலே வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அடுத்த மாதம் ஐரோப்பா போனபோது அந்தக் கல்லறைக்கும் போய் வந்தார். போர்க்காலம் முழுக்க, செத்தவர்கள், காயம்பட்டவர்களின் கணக்கை வரைபடமாகப் போட்டு ரூஸ்வெல்ட் மேஜைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தவர் அவர். எண்கள் பழகிப்போனால் மனசு மரத்துவிடும் என்பது அவர் பயம்.

குறையே இல்லாத மனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் காலத்து ராணுவத்தில் கறுப்பினத்தவர் தனிப் படைப்பிரிவுகளில்தான் இருந்தார்கள். சமூகப் பிரச்சினையைத் தீர்ப்பது ராணுவத்தின் வேலை இல்லை என்று அதை அப்படியே விட்டார் மார்ஷல். அந்தப் பிரிவினையை ஒழிக்க 1948-இல் அதிபர் ட்ரூமன் ஆணை போட வேண்டியிருந்தது. பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கிய ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வழக்கம்போல் குதிரைச் சவாரி போயிருந்தார். அலுவலகம் வந்து அவர் அனுப்பச் சொன்ன எச்சரிக்கை, சாதாரணத் தனியார் தந்தியாகப் போய், குண்டு விழுந்த பிறகு ஹவாயில் உரியவர் கைக்குச் சேர்ந்தது. போருக்குப் பிறகு சீனாவில் கம்யூனிஸ்டுகளையும் அவர்களை எதிர்த்த அரசுத் தலைவர் சியாங் கை-ஷேக்கையும் சேர்த்துவைக்க ஒரு வருடத்துக்கு மேல் முயன்று தோற்றுத் திரும்பினார்.

அந்தத் தோல்வியைப் பிடித்துக்கொண்டுதான் 1951-இல், கம்யூனிஸ்டு வேட்டையில் இறங்கியிருந்த செனட்டர் மெக்கார்த்தி (ஜெனரல் மெக்கார்தர் வேறு, இவர் வேறு) அவரைத் துரோகக் கூட்டத்தில் சேர்த்துப் பேசினார். மார்ஷல் பதிலே சொல்லவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாதது அதற்கடுத்த வருடம் நடந்தது. அதிபர் தேர்தல் பிரசாரத்தில், மெக்கார்த்தியின் சொந்த மாநிலமான விஸ்கான்சினில் வேட்பாளர் ஐசனோவர் பேசுகிறார். எழுதி வைத்திருந்த உரையில் மார்ஷலைப் புகழ்ந்து ஒரு பத்தி. கட்சிக்காரர்கள் வேண்டாம் என்றார்கள். ஐசனோவர் அந்தப் பத்தியை எடுத்துவிட்டார். கெய்ரோவிலிருந்து வந்த அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்ட அதே ஐசனோவர். ட்ரூமன் இதற்காக அவரைக் காய்ச்சி எடுத்தார். மார்ஷல் வெளியில் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மார்ஷல் திட்டம்பற்றி வாசகர்களுக்குத் தெரியும்; மேற்கு ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்த நாலு வருடத்தில் சுமார் 1,300 கோடி டாலர். அமெரிக்காவுக்கு அதில் சொந்த லாபமும் இருந்தது. அதற்காக 1953-இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தபோது, ஒரு பட்டாளத்துக்காரருக்கா என்று ஆஸ்லோ மண்டபத்தின் மாடத்திலிருந்து துண்டுப் பிரசுரம் வீசினார்கள். கேட்கக்கூடிய கேள்விதான். சுயசரிதை எழுதக் கேட்டுப் பதிப்பாளர்கள் பெருந்தொகையோடு வந்தும் அவர் எழுதவில்லை. 1959 அக்டோபரில் இறந்தபோது அரசு மரியாதை ஊர்வலம் வேண்டாம் என்று முன்பே எழுதி வைத்திருந்தார்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் இதழில் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் மார்ஷலுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும். பேட்டன் துப்பாக்கியைத் தந்தம் என்று திருத்த மறந்துவிடாதீர்கள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்,
ஈரோடு