படிவத்தோடு ஒரு பக்க விளக்கமும் அனுப்புங்கள்

மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் பாடம் எடுக்கிறவள் நான். கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்.பி.வி. என்ற கிருமிக்கு எதிரான தடுப்பூசி 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாக இலவசமாகப் போடப்படும், அதற்கு 36 கோடி ரூபாய் என்று 2025-26 தமிழக பட்ஜெட்டில் அறிவித்தது நல்ல காரியம். ஆனால் எங்கள் பக்கம் ஊசிக்கு முன்பே வதந்தி வந்து சேர்ந்துவிட்டது. "பின்னால குழந்தை பிறக்காதாமே டீச்சர்?" என்று ஒரு அம்மா கேட்டார். இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, "எம் பொண்ணுக்கு எதுக்கு? அவ அந்த மாதிரி இல்லையே" என்றார்.

முதல் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். ஆஸ்திரேலியாவில் 2007 முதல் பள்ளிகளிலேயே இதைப் போடுகிறார்கள். அன்று ஊசி போட்டுக்கொண்ட சிறுமிகள் பலர் இன்று பிள்ளை பெற்றவர்கள். இலங்கையிலும் 2017 முதல் ஆறாம் வகுப்புச் சிறுமிகளுக்குப் போடுகிறார்கள்.

இரண்டாவது கேள்விதான் சிக்கல். "புற்றுநோய்த் தடுப்பூசி" என்று மட்டும் சொல்லி, கிருமி எப்படித் தொற்றும் என்பதை நாம் விழுங்கிவிடுகிறோம். விழுங்கியதை வாட்ஸப் கக்குகிறது. உடலுறவு வழியாகத் தொற்றுவது என்று நேராகவே சொல்லலாம். கூடவே மற்றதையும் சொல்ல வேண்டும். மணவாழ்க்கைக்கு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு முறையாவது தொற்றக்கூடிய சாதாரணக் கிருமி இது. கணவர் ஒருவரோடு மட்டுமே வாழ்ந்த பெண்ணுக்கும் வரும். பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். யாரிடமிருந்து வந்தது என்று துருவினால் குடும்பச் சண்டைதான் மிஞ்சும்.

சிலருக்கு மட்டும் அது போகாமல் தங்கிவிடுகிறது. 16, 18 என்று எண்ணிட்ட இரண்டு வகைகளே கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். 1983-84இல் புற்றுத் திசுவில் இவற்றைக் கண்டுபிடித்த ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. செல் கட்டுமீறிப் பெருகாமல் தடுக்கும் இரண்டு புரதங்களை இந்தக் கிருமி செயலிழக்க வைக்கிறது. தொற்றிலிருந்து புற்றுநோய் வரை போக வழக்கமாகப் பத்து, இருபது வருடம் ஆகும். ஏற்கெனவே இருக்கிற தொற்றை ஊசி போக்காது. அதனால்தான் சின்ன வயதிலேயே போடுகிறார்கள். அந்த அம்மாவிடம் நான் சொன்னதும் இதுதான்: ஊசிக்கும் பெண்ணின் நடத்தைக்கும் சம்பந்தமில்லை.

2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் இதே ஊசியைச் சோதனைத் திட்டமாகப் போட்டபோது நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள் பலருக்குப் பெற்றோருக்குப் பதில் வார்டன்களே கையெழுத்துப் போட்டார்கள். ஆந்திரம், குஜராத் இரண்டிலுமாக ஏழு சிறுமிகள் இறந்தார்கள். பாம்புக்கடி, பூச்சிமருந்து, நீரில் மூழ்கியது, மலேரியா என்று காரணங்கள் வேறாக இருந்தன. தடுப்பூசிதான் காரணம் என்று விசாரணையில் நிரூபணமாகவில்லை. ஆனாலும் 2010 ஏப்ரலில் திட்டம் நின்றது. கேட்காமல் போட்டதால் வந்த வினை அது. அந்தப் பழைய செய்தி இன்றும் பெற்றோரின் போனில் சுற்றுகிறது.

ஆகவே ஒப்புதல் படிவத்தோடு, பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் இருக்கிற மாதிரி ஒரு பக்க விளக்கம் அனுப்புங்கள். ஊசி போட்ட இடத்தில் வலி, லேசான காய்ச்சல், சிலருக்கு மயக்கம் வரலாம் என்பதையும் அதில் மறைக்க வேண்டாம்.

அதே தாளில் அம்மாக்களுக்கும் இரண்டு வரி இருக்கட்டும். 30 வயது தாண்டியவர்களுக்குப் பரிசோதனைதான் காவல். திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற நர்ஸ்கள் கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனையே இந்தப் புற்றுநோய் மரணங்களை 35 சதவீதம் குறைத்தது. 2007இல் வெளியான முடிவு. நம் மண்ணில் கிடைத்த இந்தச் செய்தியை நாமே சொல்லாமல் வைத்திருக்கிறோம். ஊசி போட்ட பிள்ளைகளுக்கும் வளர்ந்த பிறகு இந்தச் சோதனை தேவை.

அப்புறம், பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு டாக்டரையோ கிராம சுகாதார செவிலியரையோ அனுப்புங்கள். அப்பாக்களையும் கூப்பிடுங்கள், ஆண்களுக்கும் தொண்டைப் புற்றுநோய் உட்படச் சிலவற்றை இந்தக் கிருமி உண்டாக்குகிறது. கூட்டத்தைச் சாயங்காலம் வையுங்கள். பகலில் வைத்தால் மில்லுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர்கள் வர முடியாது.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை