இறால் கிடங்கில் உறங்கிய பாட்டுப் புத்தகங்கள்

அன்புள்ள பாட்டுப் பைத்தியங்களுக்கு,

இந்த மடலை டிசம்பர் கடைசியிலேயே எழுதியிருக்க வேண்டும். கை ஒழியவில்லை. வெள்ளத்தில் நனைந்த என் பாட்டுப் புத்தகங்களில் கடைசிக் கட்டு நேற்று மாலைதான் காய்ந்து முடிந்தது.

உங்களில் பாதிப் பேரின் முகத்தை நான் பார்த்ததில்லை. 'அந்தச் சரணம் யார் எழுதியது', 'ஹம்மிங் யார் குரல்' என்று ராத்திரி ஒரு மணிக்குப் போனில் சண்டை போட்டே பழகியவர்கள் நாம். வீட்டுக்காரி இதை வேலையற்ற வேலை என்பாள். அவளுக்கும் இந்த மடலில் பங்கு உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

2023 டிசம்பர் 17, ஞாயிறு. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடிக்குள் தண்ணீர் புகுந்தது. அம்மாவையும் மாத்திரை டப்பாவையும் மாடிக்கு ஏற்றிய அவசரத்தில், கட்டிலுக்கடியில் இருந்த மூன்று டிரங்குப் பெட்டிகளை மறந்தே போனேன். உள்ளே 412 பாட்டுப் புத்தகங்கள். பாதி, அப்பா டூரிங் டாக்கீஸ் வாசலில் ஓரணா, ரெண்டணா கொடுத்து வாங்கியவை. மீதி, பழைய பேப்பர் கடைகளில் நான் பொறுக்கியவை.

குழுவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. படத்தின் பாடல்கள், நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம் எல்லாம் மட்ட ரகத் தாளில் அடித்து, தியேட்டர் வாசலில் விற்பார்கள். கதை சூடுபிடிக்கும் இடத்தில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நிறுத்திவிடுவார்கள். ஆனால் காண வெள்ளித்திரையில் படம் இருக்க வேண்டுமே! 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்', இன்று ஒரு பிரதிகூட இல்லை. அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றின் கதியும் அதுதான். அவற்றுக்குப் பாட்டுப் புத்தகம்தான் மிச்சம். இன்றைய பாட்டுச் செயலிகளிலோ இசையமைப்பாளரைப் பாடகர் என்று போடுகிறார்கள், எழுதியவர் பெயரே பல நேரம் இருப்பதில்லை. பட்டுக்கோட்டையார் 29 வயதில் போய்ச் சேர்ந்தவர். அவர் எழுதிய பாட்டுக்குக் கீழே அவர் பெயரையாவது போட வேண்டாமா? (இதில் ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன். விடுங்கள்.)

புதன்கிழமை பெட்டியைத் திறந்தேன். உள்ளே புத்தகம் இல்லை, மூன்று கட்டி ஊறின அவல்தான். மொட்டை மாடியில் சிக்னல் கிடைத்த ஒரு நிமிடத்தில் அதைப் போட்டோ எடுத்து நம் குழுவில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் கூப்பிட்டது, சென்னையில் பழைய ஏடுகளைப் பராமரிக்கும் வேலை பார்க்கும் தங்கை. "அண்ணா, ஒண்ணையும் பிரிக்காதீங்க. வெயில்லயும் போடாதீங்க. ரெண்டு நாள்ல பூஞ்சை வந்துரும். உறைய வச்சிருங்க, அப்புறம் மெதுவா காய வைக்கலாம்." கரண்டே இல்லாத ஊரில் எதில் உறைய வைப்பது?

இரண்டாவது அழைப்பு திரேஸ்புரம் தம்பி. தீவிர விஜய் ரசிகன். பழைய பாட்டென்றால் கொட்டாவி விடுவான். இறால் ஏற்றுமதிக் கிடங்கில் வேலை, அங்கே ஜெனரேட்டர் ஓடியது. இடுப்பளவுத் தண்ணீரில் மீன் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தான். "அண்ணே, இறால் மைனஸ் பதினெட்டுல கெடக்கு. உங்க எம்.ஜி.ஆரும் கூடக் கெடக்கட்டும்." மேற்பார்வையாளரிடம் என்ன சொல்லி இடம் பிடித்தான் என்று இன்றுவரை அவன் சொல்லவில்லை. அந்த மேற்பார்வையாளருக்கும் ஒரு கும்பிடு.

பொங்கல் கழிந்து, இருபது இருபதாக வெளியே எடுத்தோம். துருப்பிடித்த பின்னைப் பிடுங்கி, அச்சடிக்காத நியூஸ்பிரிண்ட் தாளை இடையில் செருகி, கட்டிலின் மேல் இழுத்துக் கட்டிய கொசுவலையில் பரப்பி, ஃபேன் காற்றில் உலர்த்த வேண்டும். ஈரம் இழுத்த தாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பாளையங்கோட்டை அண்ணாச்சி எட்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தார். சிவாஜி என்றால் உயிர் அவருக்கு. அவர் பங்குக்கு விழுந்ததில் எம்.ஜி.ஆரின் 1958 'நாடோடி மன்னன்' ஒன்று. பக்கம் பக்கமாக அதைப் பிரித்து எடுத்துவிட்டு, "வெளிய சொல்லிராதீரும் வேய்" என்றார். மன்னிக்கணும் அண்ணாச்சி, சொல்லிவிட்டேன்.

இனி, சொல்லக் கூச்சமாக இருப்பது. மலேசியாவின் கிள்ளான் அக்கா, இரண்டு வருடம் முன்பு நீங்கள் ஒரே ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பக் கேட்டீர்கள். 'பிறகு பார்க்கலாம்' என்றேன். ஸ்கேன் போட்டு விட்டுவிட்டால் என் பெட்டிக்கு மவுசு குறைந்துவிடும் என்ற அற்பக் கணக்கு. கொழும்புத் தம்பியையும் அப்படித்தான் தட்டிக் கழித்தேன். 37 புத்தகங்கள் கூழாகிவிட்டன என்று நான் பட்டியல் போட்ட வாரத்திலேயே, உங்கள் அம்மாவின் தகரப்பெட்டியிலிருந்து பதினோரு புத்தகங்களின் பக்கங்கள் வந்து சேர்ந்தன, அக்கா. கொழும்பிலிருந்து ஆறு. ஒருவரும் பழையதைக் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பிழைத்த 375 புத்தகங்களிலும் ஒரு விஷயம் கவனித்தேன். அட்டையில் நான் மைப்பேனாவால் எழுதிவைத்த என் பெயர் எல்லாவற்றிலும் கரைந்து நீலக் கறையாகிவிட்டது. பிடித்த பாட்டுக்குப் பக்கத்தில் அப்பா போட்ட பென்சில் டிக் மட்டும் அப்படியே இருக்கிறது.

இதுவரை 140 புத்தகங்களை ஸ்கேன் செய்து குழுவில் போட்டுவிட்டேன். கேட்டு வாங்க வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள். அக்கா கேட்ட பக்கம் முதல் கோப்பிலேயே இருக்கிறது. சண்டையில் நீங்கள் சொன்னதுதான் சரி. பாட்டு உடுமலையார் எழுதியதுதான்.

வீட்டுக்காரிக்கு: மூன்று மாதம் கட்டிலை விட்டுக்கொடுத்துத் தரையில் படுத்ததற்கு.

திரேஸ்புரம் தம்பிக்கு: உன் கிடங்கின் நீலப் பெட்டி இரண்டு இன்னும் இங்கேதான் இருக்கிறது. கழுவி வைத்திருக்கிறேன். வாடை போகவில்லை. சனிக்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
தூத்துக்குடியிலிருந்து உங்கள் பாட்டுப் புத்தகக்காரன்