இரு காதுகளுக்கும் காக்ளியர் கருவி தேவை

ஆசிரியருக்கு,

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேளாத சிறு குழந்தைகளுக்கு, செவி நரம்பை மின்துடிப்புகளால் தூண்டி ஒலியை உணரச் செய்யும் காக்ளியர் கருவி பொருத்தப்படுவது பெருமைக்குரியது. ஆனால் பெரும்பாலும் ஒரு காதுக்கு மட்டுமே அது கிடைக்கிறது.

ஒலி இரு காதுகளையும் அடைவதிலுள்ள, ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான கால வேறுபாட்டையும், ஒலியளவின் வேறுபாட்டையும் ஒப்பிட்டே மூளை திசையை அறிகிறது. ஒற்றைக் கருவியுள்ள குழந்தைக்கு அந்த ஒப்பீடு வாய்ப்பதில்லை. மறுபக்கம் நின்று ஆசிரியர் பேசினால், தலையே ஒலியை மறைக்க, வகுப்பறை இரைச்சலில் சொற்கள் கரைந்துபோகின்றன. இரண்டு கருவிகளாலும் நுண்ணிய கால வேறுபாட்டை முழுமையாக உணர்த்த முடியாது என்பது உண்மையே. எனினும் ஒலியளவு வேறுபாடு கிடைப்பதே பெரும் உதவி.

பிரிட்டனில் குழந்தைகளுக்கு இரு காதுகளிலும் ஒரே நேரத்தில் பொருத்த 2009-லேயே பரிந்துரைக்கப்பட்டது. இங்கும் இரண்டாவது காதுக்குக் காப்பீட்டை நீட்டிக்குமாறு அரசை வேண்டுகிறேன்.

செவித்திறன் சிறப்பாசிரியர் ஒருவர்,
மதுரை